வாசலில் எரிந்த பெற்றோல்

பழைய வான் வண்டியின் திறப்புச் சாவி முனீபின் இடுப்பில் கட்டிய சாரன் மடியில் இருந்தது. கிண்ணியாவில் அவர் வீட்டு முற்றத்தில் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்திய விற்பனைக்கார அகீலுக்கு அந்தத் திறப்பில்தான் கண். வானைக் கொடுத்தால்தான் கார் வீட்டுக்கு வரும். முனீபின் மனைவி நஜ்முன் நிஸாவுக்கும் கார்தான் வேண்டும். வானில் ஏறி இறங்க அவள் முழங்கால் இடங்கொடுக்கவில்லை.

"ஹாஜியார், லீற்றருக்கு இருபத்தஞ்சு கிலோமீற்றர் ஓடும். கொம்பனியே எழுதித் தந்திருக்கு."

"நான் ஹஜ்ஜுக்கே போகல்ல. ஹாஜியார் எண்டதே பொய். மத்ததை எப்பிடி நம்புற?"

நஜ்முன் நிஸா முறைத்தாள். முனீப் அசையவில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாத மனிதர்; எழுதியதை நம்பவும் பழகாதவர்.

"நாங்க போற மாதிரிப் போவம். இருபது ஓடினாலே போதும், திறப்பைத் தாறன். ஓடாட்டி வந்த வழியால கொண்டு போ."

அகீல் சிரித்துக்கொண்டே சம்மதித்தான்.

பெற்றோல் அடிக்கும் செட்டில் குழாய் 'டக்' என்று நின்றதும் அகீல் போதும் என்று கையைக் காட்டினான். முனீப் இறங்கி, காரின் பின்பக்கத்தைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். "அல்லாஹ்வே!" என்று உள்ளிருந்து நஜ்முன் நிஸா கத்தினாள். காற்று வெளியேற இன்னும் கொஞ்சம் பெற்றோல் இறங்கியது. தட்டுப்பாட்டு வருசத்தில் வரிசையில் காய்ந்த எவருக்கும் தெரிந்த வேலை அது.

"திரும்பி வந்தும் இந்தக் கழுத்து வரைக்கும்தான் நிரப்புற. எவ்வளவு இறங்குதோ, அவ்வளவுதான் எரிஞ்சது. விளங்குதா?"

பயணம் புல்மோட்டைக்கு, நஜ்முன் நிஸாவின் தங்கை ஜெஸ்மின் வீட்டுக்கு. பின்னால் நஜ்முன் நிஸாவும் மகள் அஸ்மியாவும் ஓர் அரிசி மூட்டையும். நிலாவெளி தாண்டியதும் அகீல் மெல்லக் கேட்டான்.

"மாமா, ஏசியைக் கொஞ்சம் நிப்பாட்டுவமா?"

"ஏன், உன்ட கொம்பனிக்காரனுக்கு வேர்க்கிறதில்லையா?"

பகல் சாப்பாடு முடிந்து எல்லோரும் காரில் ஏறினார்கள். எஞ்சின் ஓடியது. ஜெஸ்மின் வந்து கண்ணாடியில் சாய்ந்தாள். ஸலாம் சொன்னார்கள். பிறகு முழங்கால் கதை வந்தது. பிறகு அஸ்மியாவின் மாப்பிள்ளைக் கதை. மறுபடி ஸலாம். ஜெஸ்மின் கருவாடு எடுக்க உள்ளே ஓடினாள். அஸ்மியா அந்த வீட்டுக் கைப்பிள்ளையைக் கொஞ்ச இறங்கினாள்.

"மாமி, எஞ்சினை நிப்பாட்டட்டா?"

"வேணாம் மகன், இந்தா வெளிக்கிட்டம்," என்றுவிட்டு நஜ்முன் நிஸா விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.

முன் ஆசனத்தில் முனீப் வெற்றிலை மென்றபடி இருந்தார்.

திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தில் அகீல் காரின் திரையைக் காட்டினான். "பாருங்க, இருபத்தொண்டு!"

"அது தன்ட வாயால தன்னைப் புகழுது. செட்டுக்கு விடு."

செட்டில் மீண்டும் குலுக்கல். மீண்டும் கழுத்து வரை பெற்றோல். அஸ்மியா கைபேசியில் கணக்குப் பார்த்தாள்.

"வாப்பா, பதினாலுதான்."

அகீல் கொதித்தான். "அந்த வாசல்ல நிண்டு எரிஞ்சதையும் சேர்த்தா எப்பிடி? அது ஓட்டமா?"

"எங்கட ஓட்டம் அதுதான்டா. உன்ட கொம்பனிக்காரன் மச்சாள் வீட்டுக்குப் போனா, ஸலாம் சொல்லாமலா ஓடி வருவான்?"

"உங்கட வான் எவ்வளவு ஓடுது?"

"ஒம்பது. அதுவும் இறக்கத்துல. ஆனா இருபத்தஞ்சு எண்டு அது ஒருநாளும் சொன்னதில்ல." முனீப் திறப்பை எடுத்து நீட்டினார். "பதினாலு எண்டு உன்ட கார்க் கண்ணாடியில எழுதி ஒட்டு. ஒட்டினா திறப்பை இப்பவே பிடி."

அகீல் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். "எழுதினா ஒருத்தனும் வாங்கமாட்டான் மாமா."

"எழுதாட்டி வாங்காத ஒருத்தன் நான்."

திறப்பு மடிக்குள் திரும்பிப் போனது.

"கார் நல்ல குளிரா இருந்திச்சு," என்றாள் நஜ்முன் நிஸா. அழுகை முட்டியது.

"குளிர் எண்டு சொல்லி வித்திருந்தா வாங்கியிருப்பன்."

வெள்ளிக்கிழமை முனீப் வான் கதவடியில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். "ஏறு புள்ள."

அவள் பெட்டியில் ஒரு காலை வைத்தாள். ஏறக்கூடியதாகத்தான் இருந்தது. அதை அவருக்குச் சொல்லாமல், மதிலுக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கதைக்கத் தொடங்கினாள்.

முனீப் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தவில்லை.