ஆறு நிமிட நடை

"மருந்து ஆரம்பிச்ச பிறகு உங்களை ஆறு நிமிஷம் நடக்க வச்சு அளந்தாங்களாம்மா?" என்று பிரதீபா கேட்டதும் சைத்தூன் பீவி யோசிக்காமல் தலையாட்டினாள். "வச்சாங்க, வச்சாங்க."

தஞ்சாவூரின் அந்த ஆஸ்பத்திரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து அவள் வந்துபோவது இது ஏழாவது மாதம். அதற்கு முன் இரண்டு வருஷம் ஆஸ்துமா மருந்துதான். நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி இதயம் திணறுகிறது என்று இங்கேதான் கண்டுபிடித்தார்கள். இந்தப் பிரிவில் வைத்தியம் எவ்வளவு தரமாக நடக்கிறது என்று அளக்க வந்தவள் பிரதீபா. நோயாளிகளைக் கேட்டுக் கேட்டு டேப்லெட்டில் பதிந்துகொண்டிருந்தாள்.

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் கணவர் கலந்தர் தினமும் போனில் விசாரிப்பார். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தபடியே "நல்லா இருக்கேன்" என்பாள் சைத்தூன் பீவி. அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. போதாக்குறைக்கு நர்ஸ் காளியம்மாள் பக்கத்திலேயே நின்றாள். சைத்தூன் பீவிக்கு வீட்டில் மயக்கம் வந்த அன்று, ஆம்புலன்ஸ் வரும்வரை போனை வைக்காமல் பேசிக்கொண்டிருந்தவள். தன்னால் அவளுக்கு மார்க் குறையலாமா?

"எவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்றாள் பிரதீபா.

"பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும்."

காளியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பொய் சொல்லாதீங்கம்மா. வராந்தா பூரா உடைஞ்ச கட்டில், எங்க நடக்க வைக்கறது? எடுக்கச் சொல்லி மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன். நடக்க வைக்கலைன்னு நீங்க சொன்னாத்தான் மேல உள்ளவங்க காதுல விழும்."

சைத்தூன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பிரதீபாவைப் பார்த்தாள். "அப்ப இதையும் எழுதும்மா. நாலு படிக்கு ஒருதடவை உக்காந்துடறேன். டாக்டர்கிட்டகூட சொல்லலை."

காளியம்மாளின் சிரிப்பு நின்றது. "இதுக்குத்தாம்மா அந்த நடை. இன்னைக்கு விடறதா இல்லை."

வார்டு ஆட்களைக் கூப்பிட்டாள். பிரதீபாவும் டேப்லெட்டை வைத்துவிட்டு ஒரு கை கொடுத்தாள். கட்டில்கள் கிறீச்சிட்டுக்கொண்டு சுவரோரம் போயின. சைத்தூன் பீவி விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்போடு வராந்தாவில் போயும் வந்தும் நடக்க, காத்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டார்கள்.

"ஓடாதீங்க! உங்க நடையிலயே வாங்க."

இரண்டு இடத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது. அதை மறைக்காமல் நின்றது அவளுக்கே புதிதாக இருந்தது. நேரம் முடிந்ததும் அவள் காலடியில் காளியம்மாள் சாக்பீஸால் கோடு கிழித்தாள்.

"இருநூத்தி அறுபது மீட்டர். டாக்டர்கிட்ட காட்டி மருந்தைப் பத்திக் கேப்போம்."

சைத்தூன் பீவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கோடியில் காத்திருந்த இன்னொரு நோயாளி, கீழ்வேளூர் இளையபெருமாள், யாரும் கூப்பிடாமலே தானும் நடக்க எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.