புத்தகத்தில் இல்லாத படம்

சாந்தா பக்கத்தைப் புருஷன் முகத்துக்கு நேரே பிடித்தாள். சிவப்பு முரசு. பக்கத்தில் பீப்பாய் மேல் ஏறிய அணில்.

"இதாங்க? முரசா?"

தாமோதரன் கண்ணை மூடித் திறந்தார். ஒரு பக்கம் செத்துப்போன வாயால் மறுபடி அதையே சொன்னார். "போல்ன."

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு நாள். தமிழும் இங்கிலீஷும் போய்விட்டன. கல்யாணத்துக்கு முன் மாஸ்கோவுக்கு மூன்று வருடப் பயிற்சிக்குப் போய்க் கற்ற ரஷ்யன் மட்டும் மிஞ்சியது. டொராண்டோ டாக்டர் அதை உளறல் என்றார். உளறல் இல்லை. வோபர்னில் அவர்களுடைய அபார்ட்மெண்டில், குழந்தை இல்லாத வீட்டில், அவர் சேர்த்த நாற்பது ரஷ்யப் பட அரிச்சுவடிகள் இருந்தன. சாப்பிட்டதும் ஒன்றைப் பிரித்து, நாரை காலை அகட்டி நிற்பதையே முதல் எழுத்தாக்கிவிட்டான் பார் என்பார். பதினொரு வருடம் கேட்டதில் அவளுக்குப் படங்களின் பெயரெல்லாம் பழகிவிட்டன. நேற்று அவர் 'சாய்னிக்' என்றதும் கெண்டிப் படத்தைக் காட்டினாள், தலையசைத்தார், ஸ்பூனில் டீ ஊட்டினாள்.

அவரோடு வேலை பார்க்கும் ஜாபர் வாசலில் நின்றான்.

"அக்கா, தரை துடைக்கிற அம்மா ரஷ்யாக்காரங்களாம். கூப்பிடட்டுமா?"

"வேணாம்."

"ஒரு நிமிஷ வேலைக்கா."

"எனக்குத் தெரியாத ரஷ்யன் அவருக்கு என்ன இருக்கு?"

"இந்த வார்த்தை புஸ்தகத்துல இல்லையே."

"இருக்கும். தேடுறேன்."

இருப்பதிலேயே பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தில் மையால் நாலு வரி இருந்தது. அடியிலிருந்த பெயரை மட்டும் அவளால் எழுத்துக்கூட்ட முடிந்தது. வேரா. யார் என்று அவள் கேட்டதில்லை. இந்தக் கட்டிலருகே வேறொருத்தி வந்து அவர் பேச்சை அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி எழுத்தின் ஆப்பிளுக்கு வந்தபோது மூன்றரை மணி. மறுபடி நாரையிலிருந்து தொடங்கினாள். ஐந்தாவது எழுத்து வீடு. அவர் சத்தம் நின்றுபோனதை, அந்தப் பக்கத்தைப் புரட்டிய பிறகுதான் கவனித்தாள்.

நர்ஸ் வந்து பார்த்து, கண்களை மூடிவிட்டுப் போனாள். ஜாபர் போன் செய்யப் போனான். பிறகு துடைப்பமும் வாளியுமாக அந்த அம்மாள் உள்ளே வந்து, கட்டிலைப் பார்த்துத் தயங்கினாள். இனி யார் சொன்னால் என்ன.

"போல்ன," என்றாள் சாந்தா. அப்படியென்றால் என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். வலிக்கிறது என்று அர்த்தம் என்றாள். எப்போது சொன்னார் என்று கேட்டாள்.

காலையிலிருந்து என்றாள் சாந்தா.

அந்த அம்மாள் துடைக்காமலே வெளியே போனாள்.

ஜாபர் திரும்பி வந்தான். "கேட்டீங்களாக்கா? என்னவாம்?"

"தண்ணி கேட்டிருக்காரு."

"குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன் தம்பி."

"அப்புறமென்ன. கோட்டைப் போடுங்க, காரை எடுத்துட்டு வாரேன்."

கால்மாட்டில் போர்வையை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகியிருந்தார்கள். அதன் இறுக்கத்தில் அவர் கால்விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. சாந்தா மண்டியிட்டு, முதலில் ஒரு மூலையை உருவினாள். பிறகு அடுத்ததை.