கப்பியில் சிக்கிய பல்செட்

விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. இறங்குவதற்குச் சற்று முன்னால் பைலட் விமானத்தை இடப்பக்கம் திருப்பியபோது, அவர் கையிலிருந்த சக்கரம் பாதியில் அடம்பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கீழே எங்கேயோ நறநறவென்றது. பிறகு சக்கரம் வழிக்கு வந்தது. பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. பெட்டி வரத் தாமதமாகிறது என்று யாரையோ திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பைலட் மட்டும் ஏணிப்படியில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க மாட்டாமல் திருகிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் ஏன்சார், விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கருக்கு வந்தார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. விமான விபத்துகளையும், விபத்தாகாமல் தப்பித்தவற்றையும் விசாரிக்கிற அரசு அலுவலகத்தில் அவருக்கு வேலை. என்ன பதில் சொன்னாலும் ‘ஏன்?’ என்பார். திருகாணி கழன்றுவிட்டது என்றால் ஏன் கழன்றது. சரியாக முடுக்கவில்லை என்றால் ஏன் முடுக்கவில்லை. நேரமில்லை என்றால் ஏன் நேரமில்லை. இப்படி நாலைந்து ஏன் தாண்டுவதற்குள் விஷயம் மெக்கானிக்கின் கையை விட்டு நழுவி, மேலாளர்கள் உட்கார்ந்திருக்கும் மாடிக்கு ஏறிவிடும். அதனால் கீழே இருப்பவர்களுக்கு அவரைப் பிடிக்கும். மாடியில் இருப்பவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஏன்சார் என்று முதலில் கூப்பிட்டது எந்தத் தளம் என்று தெரியவில்லை. இரண்டு தளத்திலும் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

சக்கரத்தைத் திருப்பினால் இறக்கையில் இருக்கும் மடல் அசைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே எஃகுக் கம்பி ஒன்று, பயணிகள் நடக்கும் தரைக்கு அடியில், கிணற்றுக் கப்பி மாதிரியான சின்னச் சின்னக் கப்பிகளின் மேல் ஓடுகிறது. ஏன்சார் தரைப்பலகையைக் கழற்றச் சொன்னார். குப்புறப் படுத்து டார்ச் அடித்தார். ஒரு கப்பியின் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பபிள்கம் என்று நினைத்து இடுக்கியால் பிடித்து இழுத்தார். மேல்வரிசை முன்பற்கள், ஈறோடு சேர்ந்து, ஒரு ஓரம் மட்டும் நசுங்கி, அவரைப் பார்த்து இளித்தன.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நிறுவனத்துக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. டீ ஆறுவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிட்டார்கள். போன வாரம் அந்த விமானத்தைப் பிரித்துப் பராமரிப்பு செய்துவிட்டுத் தரைப்பலகையை மூடியது, பொக்கை என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக். ஏன் பொக்கை என்பதை ஏன்சாரே கேட்க வேண்டியதில்லை. ஆள் வாயைத் திறந்தால் மேல்வரிசையில் வாசல் தெரியும். பலகையை மூடியவனும் அவன்தான், பல் இல்லாதவனும் அவன்தான். சாயங்காலத்துக்குள் சஸ்பென்ஷன் ஆர்டர் கையெழுத்தாகி வந்துவிட்டது.

ஏன்சார் அவனைச் சூப்பர்வைசரின் அறைக்கு வரச்சொல்லி, உறையில் போட்டிருந்த பல்செட்டைக் காட்டினார்.

“இது உங்களோடதா?”

பொக்கை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். “என்னோடதா இருந்தா நல்லாத்தான் இருக்கும் சார்.”

“போட்டுக் காட்டுய்யா, தெரிஞ்சுடும்,” என்றார் சூப்பர்வைசர்.

“ஆதாரத்த வாயில வைக்கக் கூடாதுங்க,” என்றார் ஏன்சார்.

“ஏன்?” என்று கேட்டுவிட்டு, யாரிடம் கேட்டோம் என்று உறைத்ததும் சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார்.

“பைக்ல இருந்து விழுந்ததுல போன பல்லு சார்,” என்றான் பொக்கை. “செட் கட்டிக்கோன்னு டாக்டர் சொன்னாரு. வாய்க்குள்ள யாராச்சும் கைய விட்டாலே எனக்குக் குமட்டும். அப்படியே விட்டுட்டேன். இவ்வளவு அழகான பல்லு இருந்தா நான் ஏன் சார் வாய மூடிட்டு வேலை பாக்கறேன்? நாள் பூரா சிரிச்சுக்கிட்டேல்ல இருப்பேன்.”

“பலகைய மூடறதுக்கு முன்னாடி உள்ள பாத்தீங்களா?”

“டூலை எல்லாம் எண்ணிப் பாத்தேன் சார். எல்லாம் சரியா இருந்துச்சு. பல்ல எண்ணல.”

“உள்ள டார்ச் அடிச்சுப் பாக்கல?”

“டார்ச் இல்ல சார்.”

“ஏன் இல்ல?”

“பாதுகாப்பு வாரத்துக்கு போட்டோ எடுக்கணும்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“யாரு?”

சூப்பர்வைசருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. பொக்கை அவர் முகத்தைப் பார்த்தான். தனக்கு இன்னும் வேலை திரும்பக் கிடைக்கலாம் என்ற நப்பாசையில் வாயை மூடிக்கொண்டான்.

ஏன்சாரின் மனைவிக்குப் பல்செட் செய்கிற கூடத்தில் வேலை. அன்று வீட்டில் தட்டை வைக்கும்போது அவள் முன்னால் போனை நீட்டினார். சாப்பிடும் இடத்தில் பல்லைக் காட்டுகிறாரே என்று அவள் கோபிக்கவில்லை. அவள் தொழில் அப்படி. போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“எங்க கூடத்துல செஞ்சது இல்லைங்க. ஆனா யாரோ ஆசையாக் கேட்டு வாங்கியிருக்காங்க. ஈறு அமைப்பப் பாத்தா ஆளுக்கு வயசு அறுபதை நெருங்குது. பல்லுக்கு வயசு இருபது. நாங்க வேணாம்னுதான் சொல்லுவோம், இவ்வளவு வெள்ளை முகத்துக்கு ஒட்டாது சார்னு. கேக்க மாட்டாங்க. கறையே இல்ல பாருங்க, புதுசு. ஈறுல இன்னும் சரியா உக்காந்திருக்காது. தும்மினா விழும். குனிஞ்சு சிரிச்சாக்கூட விழும்.”

“யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“ஹேங்கர்ல யாரு பல்லக் காணோம்னு தேடாதீங்க. யாரு பேச்சக் காணோம்னு பாருங்க,” என்றாள் அவள். “முன்னாடி பல்லு இல்லன்னா ‘த’ வராது. ‘ச’ வராது. மானஸ்தன் வாயே திறக்க மாட்டான்.”

மறுநாள் ஏன்சார் கேண்டீனில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். எல்லாரும் பேசினார்கள். மெக்கானிக்குகள் நாக்குமேல் பல்லைப்போட்டு ஒருவரை ஒருவர் வாரினார்கள். அன்று ஹேங்கர் ரொம்ப இதமாக இருந்தது. ஏன் இவ்வளவு இதம் என்று யோசித்தபோதுதான், ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது அவருக்கு உறைத்தது. தினமும் காலையில் பொது மேலாளர் அதில் பேசுவார். சுத்தம், ஒழுங்கு, பொறுப்பு என்று தொடங்கினால் டீ இடைவேளை வரை விடமாட்டார். ஒரு வாரமாக மூச்சில்லை.

“பெரியவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம்,” என்றார் டீ ஊற்றியவர். “கடவுள் இருக்காரு.”

ஏன்சார் நிமிர்ந்தார். எதிர்ச்சுவரில் பாதுகாப்பு வாரத்துப் போஸ்டர். கழற்றிய தரைப்பலகைக்குப் பக்கத்தில் பொது மேலாளர் கையில் டார்ச்சோடு மண்டியிட்டு, குழிக்குள் குனிந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். டார்ச் எரியவில்லை. பல் எரிந்தது. கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: ‘தவறைக் கண்டால் தயங்காமல் சொல்.’

ஏன்சார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடி ஏறினார்.

பொது மேலாளர் முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வணக்கத்துக்குத் தலையாட்டினார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். தொண்டையைத் தொட்டு, முடியவில்லை என்று உதறினார்.

“ஒரே ஒரு உதவி சார்,” என்றார் ஏன்சார். “இந்த வருஷத்து வாசகத்த நீங்களே எழுதினீங்களாமே. அத ஒரு தடவை உங்க வாயால கேக்கணும்.”

பொது மேலாளர் சுவரில் இருந்த போஸ்டரைக் காட்டினார்.

“நான் படிச்சுட்டேன் சார். நீங்க சொல்லுங்க.”

பொது மேலாளர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு அவர் முகக்கவசத்தைக் கழற்றி, மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வாயைத் திறந்தார். ‘த’ எல்லாம் காற்றாகப் போயிற்று, ‘ச’ சீட்டியடித்தது. அதை அப்படியே எழுதினால் அவருக்கு மரியாதையாக இருக்காது. அவர் சொன்னது இதுதான்.

“செட் வந்து பத்து நாள்கூட ஆகல. வீட்டுல அவளுக்கு மட்டும்தான் தெரியும், பசங்களுக்குக்கூடச் சொல்லல. போட்டோக்காரர் குனிங்கன்னார், குனிஞ்சேன். சிரிங்கன்னார், சிரிச்சேன். அந்தப் படம்தான் போஸ்டர்ல இருக்கு. இன்னொரு தடவைன்னார். உள்ள விழுந்துடுச்சு.”

“ஏன் அப்பவே சொல்லல?”

“சொல்லணும்னா வாயத் திறக்கணுமே சார்.”

“பலகைய மூடறதுக்கு முன்னாடி யாரையாவது அனுப்பி எடுத்திருக்கலாமே.”

“எதைத் தேடணும்னு சொல்றது? நானே போய் எடுக்கலாம்னு அன்னிக்கி சாயங்காலம் போனேன். அதுக்குள்ள மூடிட்டாங்க. ஏன் மூடினீங்கன்னு கேக்க முடியுமா? சீக்கிரம் மூடுங்கன்னு அன்னிக்கிக் காலையில ஒலிபெருக்கில கத்தினதே நான்தான்.”

“அந்த விமானத்துல கைக்குழந்தை ஒண்ணு இருந்துச்சு.”

“தெரியும். பயணிகள் லிஸ்ட்ட எடுத்துப் பாத்தேன்.” அவர் நாற்காலியின் கையைத் தொட்டுக் காட்டினார். “பராமரிப்பு முடிஞ்சு முதல் தடவையா அது கிளம்பினதுலேருந்து இறங்கற வரைக்கும் இதே நாற்காலிலதான் உக்காந்திருந்தேன்.”

இரக்கப்படுவதா, மேசையைத் தட்டுவதா என்று ஏன்சாருக்குப் பிடிபடவில்லை. ஒரு விமானம் நிறைய உயிர். இந்தப் பக்கம் ஒரு மனிதருடைய வெட்கம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று பச்சைப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் அவருடைய அலுவலக அலமாரி நிறைய இருக்கும் கேஸ்களில் பாதிக்கு மேல் இதே வெட்கம்தான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

“பொக்கை சஸ்பென்ஷன்ல கையெழுத்துப் போட்டது யாரு சார்?”

பொது மேலாளர் மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்தார். கையெழுத்துப் போடப் பல் வேண்டியதில்லை.

“என் அறிக்கையில யாரு பேரும் வராது,” என்று எழுந்தார் ஏன்சார். “பயந்தா யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்கன்னு எங்களுக்கு அப்படி ஒரு விதி இருக்கு. அந்த விதி உங்களுக்கு மட்டும் குடை பிடிக்கக் கூடாது. பொக்கையோட பேர ஹேங்கர் பூரா நாறடிச்சிருக்கீங்க. அத நீங்கதான் துடைக்கணும்.”

இதற்குள் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு வாசனை எட்டிவிட்டது. அங்கிருந்து வந்த அதிகாரி, பல்செட் என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, ‘தனிப்பட்ட உபயோகத்துக்கான சிறு பொருள்’ என்று போடும்படி ஏன்சாரிடம் நயமாகக் கேட்டுக்கொண்டார். சீப்பா, குடையா என்று படிப்பவர்கள் குழம்பமாட்டார்களா என்று கேட்டார் ஏன்சார். குழம்பட்டும், அதற்குத்தானே என்றார் அதிகாரி. அவரும் ஒருவிதத்தில் உண்மை பேசுகிறவர்தான்.

பொது மேலாளர் என்ன நினைத்தாரோ, அன்று மதியமே கீழே இறங்கி வந்தார். ஒலிபெருக்கியை வேண்டாம் என்றார். வேலையை நிறுத்திவிட்டு எல்லாரையும் விமானத்தின் மூக்கடியில் கூடச்சொன்னார். பொக்கையை வீட்டிலிருந்து வரவழைத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். முகக்கவசத்தைக் கழற்றினார்.

“அந்தப் பல்லு என்னோடது,” என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவருடைய உச்சரிப்பு அப்படி. மறுபடி சொன்னார். அப்போதும் புரியாமல் பின்வரிசையில் ஒருவர், “என்ன சொல்றாரு?” என்று கேட்க, பொக்கை திரும்பி நின்று, பழக்கப்பட்டவன் என்ற உரிமையில் மொழிபெயர்த்தான். “பல்லு அவரோடதாம். விழுந்தது தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டாராம். என் மேல தப்பில்லையாம்.”

ஹேங்கர் கொல்லென்று சிரித்தது. பொது மேலாளர் எதற்குப் பயந்தாரோ அதுவேதான் நடந்தது. தகரக் கூரை அதிர்கிற சிரிப்பு. அவர் காது சிவக்க அப்படியே நின்றார். போகவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அலுத்துப்போய்த் தானாக அடங்கியது.

அடங்கியதும் ஒரு வயதான மெக்கானிக் கையைத் தூக்கினார். “நானும் ஒண்ணு சொல்லிடறேன் சார். அந்தப் பழைய விமானத்தோட வால் பகுதில என் ஸ்பேனர் ஒண்ணு விழுந்துடுச்சு. போன வருஷம். சொன்னா வேலை போயிடும்னு, கடையில அதே மாதிரி வாங்கிக் கணக்குல வச்சுட்டேன்.”

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஒருவர் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னார். ஒருவர் தனக்குச் சாயங்காலம் ஆனால் கண் சரியாகத் தெரிவதில்லை என்றார். சூப்பர்வைசரே தொண்டையைச் செருமிக்கொண்டு, டார்ச் தரமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டியது நான்தான் என்றார். ஏன்சார் கையில் இருந்த தாள் நிறைந்து, பேப்பர் கப்பைப் பிரித்து அதிலும் எழுதினார். இத்தனை வருஷமாக இழுத்து இழுத்துக் கேட்டும் வராதது எல்லாம், ஒரு ‘ஏன்’கூடக் கேட்காமல் வந்து கொட்டியது.

தலைமை அலுவலகம் அரண்டுபோயிற்று. அந்த ஹேங்கரில் வருஷக்கணக்காக ஒரு தவறும் பதிவானதில்லை. அதற்காக விருதுகூட வாங்கி வரவேற்பறையில் வைத்திருந்தார்கள். ஒரே மதியத்தில் இத்தனை தவறா? பாதுகாப்பு அடியோடு சீர்குலைந்துவிட்டது என்று முடிவு செய்து, காரணமான பொது மேலாளரை ஊருக்கு வெளியே இருக்கும் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவருக்கு எல்லாப் பற்களும் சொந்தம். வந்த கையோடு ஓர் உத்தரவு போட்டார்: ஹேங்கருக்குள் போகும்போதும் வரும்போதும் காவலாளி ஒவ்வொருவர் வாயையும் திறக்கச் சொல்லிப் பற்களை எண்ண வேண்டும். மேலாளர்களுக்கு விலக்கு உண்டு. பொக்கைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவனுக்கு எண்ண வேண்டியது குறைவு என்பதால் காவலாளிக்கு அவன்மேல் தனிப்பிரியம்.

அறிக்கையில் ஏன்சார் பல்செட் என்றே எழுதினார். யார் பேரும் எழுதவில்லை. பல் எண்ணுகிற உத்தரவு வீண் வேலை என்று ஒரு பத்தி எழுதினார். அந்தப் பத்தி பரிசீலனையில் இருப்பதாக அவருக்குக் கடிதம் வந்தது. மாற்றலாகிப்போன பொது மேலாளரைக் கிடங்கில் ஒருமுறை போய்ப் பார்த்தார். மனிதர் பல்செட் இல்லாமலே லாரிக்காரர்களோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு மட்டும் குறையவில்லை.

பழைய விமானத்தின் வாலைத் திறந்து பார்க்க அனுமதி கிடைக்கத்தான் இழுத்தது. ஸ்பேனர் அங்கே இருக்கவே முடியாது, கணக்கு சரியாக இருக்கிறது என்று புதியவர் சாதித்தார். ஏன்சார் அவரிடமும் நாலைந்து ஏன் கேட்டார். கடைசியில் ஒருநாள் காலை, பொக்கை ஏணியைப் பிடித்துக்கொள்ள, வயதான மெக்கானிக் மூடியைக் கழற்ற, ஏன்சார் தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தார்.

“இருக்கா சார்?” என்றார் மெக்கானிக் கீழே இருந்து.

வால் மடலை அசைக்கும் கம்பிக்கு ஒரு விரற்கடை தள்ளி, தூசி படிந்து, ஸ்பேனர் படுத்திருந்தது.

“இருக்கு,” என்றார் ஏன்சார். “கூட ஒரு செருப்பும் இருக்கு. அது யாரோடது?”