ஆசீர்வாதத்துக்குப் பின் வாசிக்கும் ஓலை

"இன்னைக்கு மட்டும் கோயில்ல பல்லைக் காட்டினே, இதாலயே ஒரு இழுப்பு இழுத்துடுவேன்" என்றாள் நாத்தனார். அவள் கையில் இஸ்திரிப் பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் எங்க அண்ணி காட்டறேன்? அதுவா வருது" என்று சித்தாள் சொல்லி முடிப்பதற்குள் அது வந்தேவிட்டது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

மூன்று வாரமாக இதே கூத்துதான். நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருஷம் சாந்துச் சட்டி சுமந்ததில் உச்சந்தலை முடி தேய்ந்துபோன பொம்பளை. அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பாத்திரம் கவிழ்ந்தால் சிரித்தாள், பால் பொங்கினால் சிரித்தாள். எல்லாம் ஒரு வெல்டரால் வந்த வினை. கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் கம்பி ஒட்டிக்கொண்டிருந்த அந்த மனுஷன், முகமூடியைக் கழற்றாமலே, "கட்டிக்கலாமா?" என்று கேட்டான். முகத்தைக் காட்ட அவனுக்கு வெட்கம். இவள் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த சாந்து மேஸ்திரியின் புதுச் செருப்பில் இறங்கியது. அரை நாள் கூலி போனது. போனால் போகிறது என்று அதற்கும் சிரித்தாள்.

நாத்தனாருக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சித்தாளின் புருஷன் அவளுடைய சொந்தத் தம்பி. சாரம் சரிந்து விழுந்து அவன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவளும் தாலியறுத்தவள்தான். இருபத்தைந்து வயதில் அறுத்தாள், இப்போது ஐம்பத்திரண்டு. சட்டைகளுக்குக் காஜா எடுத்து, கூலியில் பத்திலொரு பங்கு தசமபாகம் தவறாமல் சபைக்குக் கொடுத்து, ஒரு ஆண்பிள்ளையை ஏறெடுத்துப் பாராமல் வாழ்ந்தவள். 'உத்தம விதவை' என்றால் சபையில் அவளைத்தான் காட்டுவார்கள்.

"கட்டிக்கோ. நான் குறுக்க வரல" என்று இஸ்திரியைத் தொடர்ந்தாள். "ஆனா ஊரைக் கூட்டாதே. நம்மள மாதிரிப்பட்டவங்களுக்கு எப்படி வாசிப்பாங்களோ அப்படியே வாசிக்கட்டும். வாயை மூடிட்டு வீட்டுக்கு வா."

ஒரு கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு அந்தச் சபையில் ஓலை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் பேரைச் சொல்லி, தடை உண்டா என்று ஜனங்களைக் கேட்பதுதான் ஓலை. குமரிகளுக்குப் பிரசங்கத்துக்கு முன்னால், கோயில் நிறைந்திருக்கும்போது வாசிப்பார்கள். விதவைக்கோ ஆசீர்வாதம் கூறி முடித்தபின். அதற்குள் ஜனம் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும். போதகர் காலி பெஞ்சுகளைப் பார்த்து முணுமுணுவென்று வாசிப்பார். தடை உண்டா என்று கேட்பார். பெஞ்சுகள் தடை சொல்லாது.

வியாழக்கிழமை வேலை முடிந்து, கை கால் கழுவி, தன் ஓலையையும் பிரசங்கத்துக்கு முன்னாலேயே வாசிக்கும்படி கேட்கத்தான் சித்தாள் போயிருந்தாள். போதகர் இளம் வயசு, நல்ல மனுஷன், பயந்த சுபாவம். பக்கத்தில் மூப்பர் உட்கார்ந்திருந்தார். இரும்புக்கடைக்காரர். சபைக் கமிட்டிக்குத் தலைவர். போதகர் வாயைத் திறந்தால் மூப்பர்தான் பேசுவார்.

"அம்மா, அது ரொம்ப நாள் வழக்கம்..." என்று போதகர் இழுத்தார்.

"இடறல் வரக்கூடாதுல்ல" என்றார் மூப்பர். "சின்னப் பொண்ணுங்க பாக்கும். அடக்கமா நடக்கறதுதான் விதவைக்கு அழகு."

"எனக்கு அடக்கம் போதும் ஐயா. அந்த ஆளு எங்க வீட்டுக் கூரை ஓடு மாத்த வந்த நாள்லேருந்து தெருவே என்னைப் பத்திப் பேசுது. நாங்க ஒளிஞ்சு கட்டிக்கல, கடவுள் முன்னால, மனுசங்க முன்னால கட்டிக்கறோம்னு எல்லார் காதுலயும் விழணும். வேற ஒண்ணும் கேக்கல."

மூப்பர் குரலைத் தணித்தார். "அப்படின்னா ஒண்ணு பண்ணு. பக்கத்து ஊர் சபையில போய்க் குடு. ஃபாரத்துல 'விதவை'ங்கற இடத்தை எழுதாம விட்டுடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்தினவனை இல்லாதவன்னு எழுதவா? பொய் சொன்னா நரகம்னு ஞாயிறு பள்ளியில பிரம்போட நின்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானே ஐயா?"

மூப்பர் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிறு காலை கோயில் நிறைந்திருந்தது. நாத்தனார் பக்கத்தில் கம்பி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் பக்கம் வெல்டர், கழுத்துப் பட்டன் வரை போட்டு மூச்சு முட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்று சித்தாள் கூரையைப் பார்த்தாள். கூரையில் ஒரு பல்லி. அதைப் பார்த்தும் சிரிப்பு வந்தது.

போதகர் ஓலைப் புத்தகத்தை எடுத்தார். முதலில் ஒரு நர்ஸும் ஒரு கணக்கரும். தடை இல்லை. அடுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தச் சபையின் மதிப்புக்குரிய மூப்பரும், கமிட்டித் தலைவருமாகிய..."

கோயில் முழுக்க ஒரு சலசலப்பு. மூப்பருக்கு அறுபத்தொன்று. மனைவி இறந்து பதினொரு மாசம். மணப்பெண் முப்பத்தாறு வயசு டீச்சர். முன் பெஞ்சில் மூப்பர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். புதிதாய்ப் பூசிய மீசைச் சாயம் வியர்வையில் இறங்கி, உதட்டோரம் ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தது.

"...இவர்கள் இணைவதற்குத் தடை தெரிந்தவர்கள் எழுந்து நின்று சொல்லுங்கள். தெரிந்தும் மறைப்பது தேவனுக்கு முன்பாகக் குற்றம்."

அந்தக் கறுப்புக் கோட்டைச் சித்தாள் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து புறப்பட்டது. இனி துண்டு தாங்காது, வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்துவிடலாம் என்று சட்டென்று எழுந்தாள்.

எழுந்த பிறகுதான் புரிந்தது. இந்த இடத்தில் எழுந்து நின்றால் தடை என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்து அந்தக் கோயிலில் அப்படி யாரும் நின்றதில்லை. நானூறு தலைகள் திரும்பின. நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். "உக்காருடி!"

"எ... என்ன தடை அம்மா?" என்றார் போதகர்.

சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஒன்றுமில்லை என்பது பொய். அதையும் இந்த இடத்தில் நின்று எப்படிச் சொல்வது?

"அவரு கட்டிக்கறதுல எனக்குத் தடை இல்ல ஐயா. நல்லா இருக்கட்டும். வாசிக்கற இடத்துலதான் தடை. பொண்டாட்டி செத்தவரு ஓலை இங்க, இத்தனை பேருக்கு முன்னால. புருசன் செத்தவ ஓலை எல்லாரும் போனப்புறம். ரெண்டுக்கும் ஒரே ஃபாரம், ஒரே ஃபீஸ். ஒண்ணு, இவரோடதையும் கடைசிக்குத் தள்ளுங்க. இல்ல, என்னோடதையும் இப்பவே வாசிங்க. எப்படின்னாலும் எனக்குச் சந்தோசம்."

"அது வேற, இது வேற!" மூப்பர் எழுந்தார். "ஆம்பளைக்கு அது மறுமணமா? வீட்டைப் பாத்துக்க ஒரு ஏற்பாடு!"

டீச்சர் மெல்லத் திரும்பி மூப்பரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நாலைந்து பெஞ்சு தள்ளி இருந்தவர்களுக்கே சுட்டது.

போதகர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தேடிய பக்கம் கிடைத்தது. அவருடைய சொந்தக் குரலை முதல் தடவையாக அன்றுதான் சபை கேட்டது. "தடைன்னு ஒருத்தர் சொல்லிட்டா, கமிட்டி கூடி விசாரிக்கற வரைக்கும் அந்த ஓலை நிக்கும். அடுத்த கமிட்டி ரெண்டு மாசம் கழிச்சு. இது கமிட்டி எழுதின விதிதான் ஐயா, உங்க கையெழுத்து இருக்கு."

மூப்பருக்கு மண்டபம் பிடித்தாகிவிட்டது, அடுத்த மாசம் நாலாம் தேதி. பந்தல்காரன், போட்டோக்காரன், ஐந்நூறு பத்திரிகை.

"வாசிச்சுத் தொலைங்களேன் அவளோடதையும்!" என்று கத்தினார்.

இப்படியாக அந்தச் சபையில் நியாயம் பிறந்தது. பிரசங்கத்தில் பிறக்கவில்லை, ஜெபத்தில் பிறக்கவில்லை. மூப்பருக்கு ரெண்டு மாசம் பொறுக்கவில்லை, அதில் பிறந்தது.

போதகர் வாசித்தார். மணி மணியாக, இன்னாருடைய விதவை என்பதையும் விழுங்காமல் வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். கோயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தது. செத்தவனின் அக்கா. சொல்வதானால் அவள்தான் சொல்ல வேண்டும்.

நாத்தனார் எழுந்து நின்றாள்.

ஆண்கள் பக்கத்தில் வெல்டரின் கழுத்துப் பட்டன் தெறித்தது.

"தடை இல்ல" என்றாள் நாத்தனார். "கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்ல, அதான் எழுந்து சொல்றேன்." உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தெருவெல்லாம் அவர்களையே பார்த்தது. சித்தாள் கால் தரையில் பாவாமல் நடந்தாள். நாத்தனார் வழக்கம்போல் வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்து, நேராகப் பார்த்து நடந்தாள்.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. காலையில சூடு போடுவேன்னீங்க. அங்க எப்படி எழுந்தீங்க?"

நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எனக்கு இருபத்தேழு வயசுல ஒருத்தர் கேட்டாரு. அச்சாபீஸ்ல வேலை. நல்ல மனுசன். காலி பெஞ்சுக்கு முன்னால என் பேரை வாசிக்கறதை நெனச்சுப் பாத்தேன். நான் என்ன தப்பு பண்ணினேன், களவாணி மாதிரி? வேணாம்னு சொல்லிட்டேன். எழுந்து நின்னு கேக்கலாம்னு அப்ப எனக்குத் தோணல."

"இப்ப அவரு எங்க இருக்காரு அண்ணி?"

"இங்கதான். போன வாரம் பேரனுக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்கல்ல, அந்தத் தாத்தா."

சித்தாள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "அந்த... ஆரஞ்சு மிட்டாய் ஒட்டிப் பல்செட்டே கழண்டு வந்துச்சே, அவரா?"

"அவரேதான்." நாத்தனாரின் உதடு துடித்தது. இருபத்தேழு வருஷத்து உத்தம விதவை, தெருவில், பட்டப்பகலில், வேதப்புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். "தப்பிச்சேன்டி!"

இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பிறகு நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தெரு முனை திரும்பும்வரை, பக்கத்தில் ஆள் இருப்பதை மறந்தவளாய், "தப்பிச்சேன்... தப்பிச்சேன்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.