வானகம் பிறந்த கதை

சிதம்பரத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் சூசைமாணிக்கம் பேச ஆரம்பித்துக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. "பூவுலகமே போற்றும் இந்தப் புனித பந்தத்திலே..." என்று மாப்பிள்ளையின் அப்பா நீட்டி முழக்க, எதிரே உட்கார்ந்திருந்த லூர்துநாதனுக்கு எரிச்சல் முட்டியது. இனிக்க இனிக்கப் பேசுகிற எவனையும் அவர் நம்பியதில்லை. பையன் வேலை நிரந்தரமா, கான்ட்ராக்டா? அது தெரியாமல் மகள் பெலிசியாவைக் கொடுப்பதில்லை என்று கடலூரில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தார்.

"சம்பந்தி, வானகம் உடாதீங்க. பையன் வேலயச் சொல்லுங்க."

சூசைமாணிக்கத்தின் முகம் சுருங்கியது. "வானகம்னா?"

"எங்க தெருவுல சொல்றது. சரக்கு இல்லாத ஜம்பப் பேச்சு."

"எங்கேருந்து வந்துச்சு அந்த வார்த்த?"

"எவனாவது கட்சிக்காரன் மேடையில கத்தியிருப்பான்."

பக்கத்திலிருந்த அருளப்பன் குபீரென்று சிரித்துவிட்டான். லூர்துநாதனின் செத்துப்போன மனைவிக்குத் தம்பி அவன். "மாமா, நெசமாவே தெரியாதா? நீதான் அதுக்கு அப்பன்! அக்காவ அடக்கம் பண்ண அன்னிக்கு, பேனர் கடக்காரன் எழுதித் தந்தத கல்லறயில நின்னு படிச்சியே. 'வானகம் வாடியது, வையகம் வதங்கியது'ன்னு. சாமியாரே வாயப் பொத்திக்கினாரு. அன்னிக்கிலேருந்து தெருவே..."

"போதும் மாமா," என்றாள் பெலிசியா.

லூர்துநாதனுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. தன் சொந்தப் பேச்சு மனைவிக்குக் குறைச்சல் என்று நினைத்துத்தான் அன்று பேனர் கடைக்குப் போனார். 'நீ இல்லாம எனக்கு ஒண்ணும் புரியலடி' என்பதுதான் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுக் காகிதத்தைப் படித்தார். அப்புறம் மீன் மார்க்கெட்டிலும் டீக்கடையிலும் அந்த வார்த்தையை வைத்தே எத்தனை பேரை மட்டம் தட்டியிருக்கிறார்! கூட நின்றவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று இப்போதுதான் உறைத்தது. மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

பெண்ணைப் பெற்றவர் ஒரு வார்த்தை சொல்லித் தாம்பூலத் தட்டை மாற்ற வேண்டும். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். வாயைத் திறக்கக் கூசியது.

பெலிசியாதான் சூசைமாணிக்கத்தின் பக்கம் திரும்பினாள். "அவுரு வேல பர்மனென்டுங்களா?"

அவர் துண்டால் நெற்றியைத் துடைத்தார். "கான்ட்ராக்டுதாம்மா."

"சரி. நானும் வேலைக்குத்தான போறேன்," என்றவள் அப்பாவைப் பார்த்தாள். "எனக்குச் சம்மதம்பா."

லூர்துநாதன் தட்டை எடுத்து நீட்டினார்.

"ஒரு வார்த்த சொல்லுங்க சம்பந்தி."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.