உடம்பில் வைத்துத் தைத்த கரடி

கரடியின் முதுகு ஜிப் படாரென்று பிய்ந்தபோது நாடகம் தொடங்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

மாடம்பாக்கம் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் தின விழா. 2008 ஜூன். கத்திரி முடிந்துவிட்டது என்று வெயிலுக்கு இன்னும் தெரியவில்லை. பனிக்கரடி வேஷம் கட்ட வேண்டிய பி.டி. மாஸ்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். உடுப்பைக் கொடுக்க வந்த டெய்லர் சித்திகாவுக்குத் துணையாக அவள் கணவன் ஃபைஸும் வந்திருந்தான். ஏசி மெக்கானிக். "நான் போட்டுக்கிறேன் டீச்சர், நமக்குக் குளிர் பழகினதுதான்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"ஊசிய எடு. அப்படியே தெச்சு வுடு" என்றான் இப்போது.

"உடம்புல வெச்சுத் தெக்கக் கூடாதுங்க. அம்மாக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

"உங்கம்மாவா கரடி வேஷம் கட்றாங்க? தெய்யி!"

உடம்பில் கிடக்கும் துணியைத் தைத்தால் அந்த உடம்புக்கு ஆகாது. சித்திகா ஊசி பிடித்த நாளிலிருந்து கேட்டு வந்த பேச்சு. இருந்தும் தைத்தாள். இடுப்பிலிருந்து கழுத்து வரை, நைலான் நூல், இரட்டை இழை. தலை கழன்று விழாமலிருக்க அதையும் உடுப்போடு சேர்த்துத் தைத்தாள். வெள்ளை ரோமத்தை இழுத்துவிட்டதும் தையல் போன தடமே தெரியவில்லை.

மேடையில் பத்துத் தெர்மக்கோல் பலகைகள், அவைதான் பனி. நீலச் சட்டைப் பிள்ளைகள் கடல். அருள்மேரி டீச்சர் மைக்கில் கதை சொல்லச் சொல்ல, கடல் ஒவ்வொரு பலகையாக உருவிக்கொண்டு போகும். பத்தாவது பலகையும் போனதும் கரடி விழ வேண்டும். ஃபைஸுக்குச் சொல்லியிருந்தது அவ்வளவுதான்.

"பனிமேல நின்னுதான் பனிக்கரடி சீல் பிடிக்கும். பூமி சூடாகி, பனி சீக்கிரமே உருகிடுது. கரடிக்கு நிக்க இடமில்ல, சாப்பாடு இல்ல. குட்டிக்குப் பாலில்ல. கரையைத் தேடி ரொம்ப தூரம் நீந்துது..."

ஐந்தாவது பலகை போனபோது கரடி ஒரு கையைத் தூக்கித் தன் முதுகைத் தடவியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சித்திகா மேடையோரத்துக்கு நகர்ந்தாள். உள்ளே இரண்டு அடுக்கு ஸ்பாஞ்ச். மூச்சுவிட வாயில் உள்ளங்கை அகல வலை. எல்லாம் அவள் வைத்ததுதான்.

ஆறாவது பலகை. கரடி முழங்காலில் உட்கார்ந்து, குப்புறச் சாய்ந்தது.

"பார்த்தீங்களா! நாம நெனச்சதுக்கு முன்னாடியே விழுந்துடுச்சு!" என்று டீச்சர் சமாளித்தார். மைதானமே கைதட்டியது.

சித்திகா நூல் கத்தரியோடு மேடையில் பாய்ந்தாள்.

"டேய், வேட்டைக்காரி வந்துட்டாடா!" என்று பின்வரிசையில் யாரோ கத்த, ஒரே சிரிப்பு. முன்வரிசைப் பொடிசுகள் அலறின: "மிஸ், கரடியைக் கொல்றாங்க!" வாட்ச்மேன் தனசிங் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னாம்மா நீ? டிராமா நடந்துகினு கீது, கத்தரியத் தூக்கினு வர்ற?"

"வுடுண்ணா! உள்ள என் வூட்டுக்காரரு. இது நடிப்பில்லண்ணா. நாலு பலகை மிச்சம் கீது, எண்ணிப் பாரு!"

தனசிங் நிஜமாகவே எண்ணினார். பிறகுதான் அவர் பிடி தளர்ந்தது.

கழுத்தருகே தையலைத் தேடினாள். கிடைக்கவில்லை. அவ்வளவு நேர்த்தியாக மறைத்திருந்தாள். கத்தரி ரோமத்தைக் கவ்விச் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட இல்லை. 'யா அல்லா, கூடாதுன்னாங்களே, தெச்சுட்டேனே.' நகத்தில் முடிச்சு இடறியது. கத்தரியை வீசிவிட்டுப் பல்லால் கடித்தாள். நூல் அறுந்தது. இழுக்க இழுக்கத் தையல் பிரிந்தது.

கரடித் தலை உருண்டது. ஃபைஸின் முகம் நெருப்பாகச் சிவந்து, உதடு வெளுத்துக் கிடந்தது. தனசிங் குடத்துத் தண்ணீரைத் தலையில் கொட்டினார். இரண்டாவது குடத்துக்குத்தான் இமை அசைந்தது.

"எத்தினி பலகை மிச்சம்?" என்றான்.

"நாலு. பேசாதீங்க. ஆட்டோ வருது."

"உள்ள ஜிப்பத் தேடினேன் சித்திகா. கைக்கு ஆப்டல. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, இல்லன்னு." மூச்சு வாங்கியது. "நெஜக் கரடிக்கும் கெடையாதுல்ல?"

டீச்சர் மைக்கைக் கீழே வைத்தார். சித்திகா அவன் முதுகில் மிச்சமிருந்த தையலை இழை இழையாகப் பிரித்துக்கொண்டே இருந்தாள். ஆட்டோ வந்து நின்ற பிறகும் நிறுத்தவில்லை.