பொட்டு வைத்த வால்வு

24-10-1939, உத்தமபாளையம்.

நேற்று ஏரியல் கம்பியைக் கழற்றாமலே ரேடியோவைச் சோதித்துவிட்டேன். இரைச்சல் வெளியிலிருந்து வருகிறதா, பெட்டிக்குள் பிறக்கிறதா என்று அப்படிச் சோதித்தால் தெரியாது. இன்று கழற்றிப் பார்த்தேன். அப்போதும் இரைந்தது. கோளாறு உள்ளேதான்.

மாலை வகுப்பில் நானே செய்த பெட்டி இது. சென்னை, டெல்லி இரண்டையும் கம்பிச் சுருளை மாற்றாமல் பிடிக்க வேண்டும் என்று, அலையை வாங்கும் முதல் கட்டத்தை அகலமாக அமைத்தேன். அதனால் அங்கே பெருக்கம் குறைவு. கண்ணாடிக் குமிழ் போன்ற முதல் வால்வில் புகும் இரைச்சலைப் பின்னால் வரும் வால்வுகள் சேர்த்தே பெருக்கும். ஆகவே அது சுத்தமாக இருக்க வேண்டும். ஆயுதபூசைக்கு முந்தின நாள் வரை யுத்தச் செய்தி தெளிவாகக் கேட்டது.

ஒரே வகையான முதல் இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றினேன். இரைச்சல் குறைந்தது. கெட்டது முதல் வால்வுதான்.

பூசையன்று கருவிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தோம். அந்த வால்வின் தலையிலுள்ள உலோக மூடிக்கும் நான் வைத்தேன். பக்கத்து மேசை மீரான் மைதீன் சிரித்தான்.

"ஏலே அழகரு, இதுக்கு எப்பக் கல்யாணம்? பொட்டு வச்சு உக்கார வச்சிருக்க."

பிறகு நான் பொரிகடலை வாங்கப் போனபோது அறையில் அவன் மட்டும் இருந்தான். இப்போது வால்வில் பொட்டு இல்லை. அவன் பெட்டியிலும் இதே வகை வால்வு, பழையது. வகுப்பில் செய்த பெட்டிகளில் சிறந்தது ஊர் வாசகசாலைக்குப் போகும்; யார் பெட்டி போகிறதோ, அதை இயக்கும் வேலையும் அவருக்கே. முடிவு இந்த வாரக் கடைசியில்.

இன்று மீரானிடமே கேட்டேன்.

"நாந்தான் தொடச்சேன். ஈரமா இருந்துச்சுப்பா."

"தொடச்சியா, மாத்துனியா?"

அவன் எழுந்து வெளியே போனான். போனதையே குற்றத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு வாத்தியார் ராக்கையாவிடம் சொன்னேன்.

"வால்வக் குடுக்கச் சொல்லு. இல்லன்னா இனி இங்கன வரவேண்டாம்" என்றார்.

வெளியே மீரான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். "சொல்லிட்டயாமே. அவுக நம்புனாகளா?"

"நம்புனாக."

"சரி" என்று போய்விட்டான்.

25-10-1939.

மீரான் வரவில்லை. குற்றமுள்ளவன் எப்படி வருவான் என்று எழுதத்தான் நினைத்தேன். அதற்கு முன் ஒருமுறை வால்வை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உலோக மூடியும் கண்ணாடியும் சேரும் இடுக்கில் மெல்லிய சிவப்புக் கோடு. ஊசியால் நெம்பினேன். குங்குமம். கூடவே சந்தன வாசனை.

நேற்று ராத்திரி திருப்பி வைத்திருப்பானோ என்றும் யோசித்தேன். பெட்டி அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி என் அரைஞாணில்.

நான் பொட்டு வைத்த அதே வால்வு. மேலே இருந்ததை அவன் துடைத்திருக்கிறான். இடுக்கில் இறங்கியது ஐப்பசி ஈரத்தில் காயவில்லை. அதன் வழியே மின்சாரம் கசிந்து இரைந்திருக்கிறது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எடுத்து, காயவிட்டு, முதல் இடத்தில் செருகினேன். டெல்லி பேசியது. பின்னால் இரைச்சல் இல்லை. செய்தியில் மனம் நிற்கவில்லை, அணைத்துவிட்டேன்.

நாளை: வகுப்புக்கு முன் மீரான் வீட்டுக்குப் போய் அவனைக் கூப்பிட வேண்டும். வாத்தியார் முன்னால், எல்லாரும் கேட்க, அவன் மாற்றவில்லை, பொட்டு வைத்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். அவன் வராவிட்டாலும் சொல்ல வேண்டும்.